நாலு ஊக்கும் நான் கேட்ட வரமும்

போன ஆவணி முகூர்த்தத்தில் என் நெஞ்சுக்குள் ஒரு ஊக்கு போய்விட்டது. எல்லாம் சிரித்ததால் வந்த வினை.

நான் திருவானைக்காவலில் இருக்கிறேன். கல்யாணப் பெண்களுக்குப் புடவை கட்டிவிடுவது தொழில். கை இரண்டும் மடிப்பில் இருக்கும். ஊக்கு வாயில் இருக்கும். அன்று ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் பெண்ணின் அத்தை, "சீக்கிரம் கட்டிவிடுங்க, மாப்பிள்ளை மனசு மாறிடப் போறாரு" என்றார். சிரித்தேன். பல்லில் கடித்திருந்த ஊக்கைக் காணவில்லை. அப்போது பிடித்த இருமல் நிற்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பெண், "கழுத்துல இருக்கிறதைக் கழட்டிடுங்கம்மா" என்றாள். தாலியைக் கழற்றுவதா? அவள் திரும்பிய நேரத்தில் கயிற்றை முதுகுப் பக்கம் தள்ளிக் கவுனுக்குள் மறைத்தேன். நெஞ்சைத்தானே எடுக்கிறார்கள்!

படம் வந்தது. என் கணவர் எட்டிப் பார்த்தார். "அடியே, நாலு ஊக்குடி! பசிச்சா சாப்பிட வேண்டியதுதானே!" என்றவர் அழுதேவிட்டார். நெஞ்சைக் கிழித்துத்தான் எடுப்பார்களா? பிழைப்பேனா? கண்ணை மூடினேன். "அகிலாண்டேஸ்வரித் தாயே, நாலைத் தாங்க மாட்டேன். மூணையாவது எடுத்துடு. ஒண்ணை நான் சமாளிச்சுக்கறேன்."

டாக்டர் படத்தை உற்றுப் பார்த்தார். "இது என்னம்மா, தாலி மாதிரி இருக்கு?"

"பின்னாடிதாங்க போட்டிருக்கேன்."

"எக்ஸ்ரேவுக்கு முன்னாடி, பின்னாடி எல்லாம் தெரியாதும்மா!"

அப்போதும் கழற்ற மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடிக்க, பக்கவாட்டில் நிறுத்தி இன்னொரு படம் எடுத்தார்கள். மூன்று ஊக்குகள் முதுகுக்கு வெளியே இருந்தன. அவசரத்துக்கு ஆகும் என்று தாலிக் கயிற்றில் நான் மாட்டிவைத்தவை. ஒன்று மட்டும் வலது நுரையீரல் குழாயில். கேட்டது கேட்டபடி!

மறுபடி வேண்டினேன், இந்த முறை பேரம் பேசாமல். வாய் வழியாகக் குழாய் விட்டு, ஒரு தையல்கூட இல்லாமல் எடுத்துவிட்டார்கள். "நல்ல வேளை, ஊக்கு மூடியிருந்துச்சு. திறந்திருந்தா குத்திக் கிழிச்சிருக்கும்" என்றார் டாக்டர். நான் எப்போதும் ஊக்கைத் திறந்துதான் வாயில் வைப்பேன். மூடியது யார்?

இப்போது ஊக்குகள் என் மணிக்கட்டில் கட்டிய பஞ்சுப் பட்டையில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் நின்றால், மூச்சை இழுத்துவிடும்போதே கண் நிறைந்துவிடுகிறது.

உங்களுக்கும் கஷ்டம் வந்தால் அவளிடம் போங்கள். ஆனால் மிச்சம் வைத்துக் கேட்காதீர்கள். நாலையும் எடு என்று கேட்டிருந்தால், நான் அன்றைக்கே வீடு வந்து சேர்ந்திருப்பேன்.