காப்பாற்றாத பேட்ஜ்

இந்த ஊரில் வீட்டுக் காற்றை அளக்கத் தபாலில் பெட்டி வருகிறது. கார்ன்வாலில் வீடெல்லாம் கருங்கல். அடியிலிருக்கும் பாறையிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு கசிகிறதாம். உள்ளங்கையளவு பிளாஸ்டிக் பெட்டியைச் சில மாதம் படுக்கையறையில் வைத்திருந்து திருப்பி அனுப்ப வேண்டும். பக்கத்து வீட்டு மிஸஸ் ஹாரிஸ், கதிர் வருவதே அந்தப் பெட்டியிலிருந்துதான் என்று நினைத்து, அதைத் தோட்டத்துக் கொட்டகையில் வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆரோக்கியசாமியின் ஞாபகம்தான் வந்தது.

எழுபதுகளின் கடைசியில், கைலாசபுரம் பக்கத்துப் பட்டறைகளில் வெல்டிங்கைக் கதிரால் படமெடுக்கும் தொழிலாளர்களுக்கு நான் பாதுகாப்பு வகுப்பு எடுத்தேன். வேலை நேரத்தில் மட்டும் மாட்ட வேண்டிய ஃபிலிம் பேட்ஜை ஆரோக்கியசாமி வீட்டுக்கும் கொண்டுபோனான். மாதா டாலரோடு அதுவும் அவன் கழுத்தில் தொங்கியது. பேட்ஜ் காப்பாற்றாது, பட்ட கதிரைப் பதிவு மட்டுமே செய்யும் என்று வகுப்பில் விளக்கினேன். மறுநாள் ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நின்றான். அவன் மனைவி ஸ்டெல்லாவுக்கு அப்போது மூன்று மாதம். உண்மையைச் சொல்லி ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று பதறினேன்.

ஞாயிற்றுக்கிழமை, மலைக்கோட்டை அடிவாரத்தில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த அவர்கள் வீட்டுக்கு, கதிரை அளக்கும் சர்வே மீட்டரோடு போனேன். கதிர் எங்கும் உண்டு என்று காட்டத்தான் அதைப் போட்டேன். அது டிக் டிக் என்றதும் ஸ்டெல்லா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். தெருவிலும் டிக் டிக். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. விடாமல் இருவரையும் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் கூட்டிப்போனேன். பஸ்ஸிலும் கேட்டது, அம்மாமண்டபத்து ஆற்று மணலிலும் கேட்டது, பாறையை விட்டு விலகியதால் கொஞ்சம் நிதானமாக.

திரும்பும்போது ஸ்டெல்லா, கணவனுக்கு வேலையில் எவ்வளவு கூடுதல் என்று கேட்டாள். அவனுடைய பழைய பேட்ஜ்களில் பதிவானது, இந்தக் கல்லும் மண்ணும் வானமும் நம் எல்லாருக்கும் தருவதைத் தாண்டவில்லை என்றேன். தூரமாக, தடுப்புக்குப் பின்னால், சீக்கிரமாக வேலையை முடித்தால் இன்னும் குறையும் என்றேன். அவள் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பயந்துகிட்டு பஸ்ல ஏறாம இருக்கமா சார்? ஃபுட்போர்டுல தொங்கக் கூடாது, அவ்வளவுதானே?” என்றாள். பிறகு கணவனிடம், “பேட்ஜை பட்டறையிலேயே வச்சுட்டு வாங்க. டாலரு மட்டும் கழுத்துல கெடக்கட்டும்.”

ஆரோக்கியசாமி கடிதத்தைக் கிழித்தான். அத்தனை வருஷம் நான் நடத்திய பாடத்தை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு நானும் போயிருந்தேன்.

அந்த வரியைத்தான் மிஸஸ் ஹாரிஸிடம் சொல்லிப் பார்த்தேன். அவருக்குப் புரியவில்லை. இங்கே பஸ் கதவை மூடிக்கொண்டுதான் கிளம்புகிறது, யார் தொங்குவார்கள்? பெட்டி கதிரைத் தராது, பதிவு மட்டுமே செய்யும் என்றதும், வீட்டைக் காலி செய்ய வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், அளவு அதிகமென்றால் தரைக்கடியில் காற்றுப் போக வழி செய்யலாம் என்றேன். பெட்டி கொட்டகையிலிருந்து படுக்கையறைக்கு வந்தது.

என் பெட்டியை இன்று அனுப்புகிறேன். கூட வந்த படிவத்தில், இந்த வீட்டில் எத்தனை வருஷம் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு என்று எழுதினேன். அதற்கு முன்பு எங்கே என்று கேட்கவில்லை. மனசு கேட்காமல் ஓரத்தில் தமிழிலேயே எழுதினேன்: மலைக்கோட்டை நிழலில், முப்பத்தொரு வருஷம்.