மூலக்குளத்து வாளியும் பாரிஸில் படுத்த கார்டும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு முட்டாள். உள்ளூரிலேயே முட்டாளாக இருந்துவிட்டுப் போயிருக்கலாம். பாஸ்போர்ட் எடுத்து, விசா வாங்கி, விமானம் ஏறிப் போய் அதை நிரூபித்துவிட்டு வந்தேன்.

ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் என் முட்டாள்தனத்தை மறைத்தால் அந்த நன்மை உங்களுக்கு விளங்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா ரோஸ்லின் பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கிறாள். அத்தான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், இப்போது உயிரோடு இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் என் மகள் கல்யாணத்துக்கு அக்கா வந்தபோது, மண்டபத்து வாசலில் நின்று, “வெள்ளைக்காரி வந்துட்டா, நாற்காலி போடுங்கடா” என்று சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. மறுநாளே கிளம்பிப் போனவள், அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. மன்னிப்புக் கேட்கலாம்தான். ஜோக்குக்கெல்லாமா மன்னிப்பு என்று நானும் இருந்துவிட்டேன்.

போன ஜூன் மாதம் அவள் மகன் மிஷேல் கூப்பிட்டான். “மாமா, அம்மாவுக்கு இருதய ஆபரேஷன். அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு. அதுக்கு முன்னாடி உங்கள பாக்கணும்னு சொல்றாங்க.”

போனைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன். அந்த நிலையிலும் வாய் மட்டும் அடங்கவில்லை. பாரிஸிலிருந்து லியோன் வர ரயில் டிக்கெட்டை அவனே எடுத்து அனுப்புவதாகச் சொன்னான். “வேணாம்டா. மாமா சொந்தக் காசுல வருவேன்” என்றேன். எங்கள் ஊர் நெல்லித்தோப்பில் விமான டிக்கெட் போட்டுக்கொடுத்தவர், கையில் கொஞ்சம் யூரோ மாற்றிக்கொள்ளச் சொன்னார். “நாங்க பாண்டிச்சேரிக்காரங்க சார். பிரான்ஸ் எங்களுக்குப் பக்கத்துத் தெரு. கார்டு இருக்கு” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்குப் பாரிஸில் விளங்கியது.

வெள்ளிக்கிழமை காலை பாரிஸில் இறங்கினேன். விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம். பத்து மணி ரயிலைப் பிடித்தால் மதியத்துக்குள் அக்கா முன்னால் நிற்கலாம். அதை விட்டால், அடுத்த ரயில் போய்ச் சேருவதற்குள் அவளை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள்.

டிக்கெட் இயந்திரத்தில் கார்டைச் செருகினேன். துப்பியது. துடைத்துச் செருகினேன். துப்பியது. பக்கத்து இயந்திரத்துக்குப் போனேன். அதுவும் இதற்குச் சொந்தக்காரன்தான் போல. கவுன்ட்டரில் இருந்த பெண் வாங்கித் தேய்த்துப் பார்த்துவிட்டு, “ரெஃப்யூஸே, முசியே” என்றாள். செல்லாதாம். “நேத்துதாம்மா இதே கார்டுல மூலக்குளத்துல மளிகை வாங்கினேன்” என்று அவளிடம் தமிழில் விளக்கினேன். அவள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டாள். தண்ணீர் பாட்டில் வாங்கலாம் என்று போனால், அந்தக் கடையிலும் அதே கதை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கார்டோடு ஒரு கடிதம் வந்திருந்தது. இந்தக் கார்டு உள்நாட்டில் மட்டும் செல்லும், வெளிநாட்டில் பயன்படுத்த வேண்டுமானால் வங்கியின் செயலியில் நீங்களே திறந்துகொள்ள வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது. மூலக்குளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். ஊர்க் காகிதத்தையெல்லாம் நகலெடுக்கிறேன், எனக்கு வந்த காகிதத்தைப் படிக்கவில்லை. அந்தக் கடிதத்தில் முறுக்கு வைத்துத் தின்றதுதான் ஞாபகம்.

சரி, செயலியைத் திறக்கலாமென்றால் அது என் போனில் இருக்கிறது. ரோமிங்கில் காசு போய்விடும் என்று பயந்து, அந்தப் போனை சிம்மோடு மனைவி எஸ்தரிடம் கொடுத்துவிட்டு, வாட்ஸ்அப்பை மட்டும் மகனுடைய பழைய போனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். நிலையத்து வைஃபையில் எஸ்தரைக் கூப்பிட்டேன். மணியே அடிக்கவில்லை. என் போனைக் கூப்பிடலாமென்றால் அதன் வாட்ஸ்அப்தான் என் கையில் இருக்கிறது.

கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். ஊரில் அப்போது எங்கள் ஜெபக்குழுவின் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் நடக்கும் நேரம், எஸ்தர் என் போனையும் எடுத்துக்கொண்டு அங்கேதான் போயிருப்பாள். பத்து மணிக்கு ஆரம்பித்தால் இரண்டு மணிக்குத்தான் முடியும். உள்ளே போகும்போது எல்லாரும் போனை அணைத்து, வாசலில் இருக்கும் சிவப்பு வாளியில் போட்டுவிட வேண்டும். அப்படி ஒரு சட்டத்தை மூன்று வருஷத்துக்கு முன்னால் கொண்டுவந்த புண்ணியவான் வேறு யாருமில்லை. வாளியும் என் உபயம்.

அன்றைக்கு எங்கள் குழுவில் இருக்கும் பிலோமினா சிஸ்டர் மட்டும் தயங்கினார். “பையன் கப்பல்ல வேலை செய்யறான் பிரதர். சிக்னல் கிடைக்கிறப்பதான் பேசுவான்” என்றார். நான் விடவில்லை. “ஆண்டவர் பெருசா, போன் பெருசா சிஸ்டர்?” என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். சிலர் சிரித்தார்கள். அவர் கண் கலங்க உட்கார்ந்தார். அடுத்த வாரத்திலிருந்து ஒரு கறுப்பு போனை எடுத்து வாளியில் போட ஆரம்பித்தார். சட்டத்தை நிலைநாட்டிவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

இப்போது ரயில் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபக்குழுவில் இருக்கும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். ஒருவர் போனும் அடிக்கவில்லை. என் பேச்சை இத்தனை பேர் கேட்பார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வேறு வழியில்லாமல் வெட்கத்தை விட்டு மிஷேலையும் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரி வார்டுக்குள் போனை அணைத்துவிட்டான் போலிருக்கிறது. அங்கேயும் எவனோ ஒருத்தன் வாளி வைத்திருப்பான்.

எரிச்சலென்றால் அப்படி ஒரு எரிச்சல். என் மேல், கார்டு மேல், வங்கி மேல், கடைசியில் ஆண்டவர் மேலும். ஊரில் அவர்கள் உபவாசம், பாரிஸில் நானும் உபவாசம். அவர்கள் விரும்பி இருந்தார்கள். எனக்காகத்தான் ஜெபிக்கிறார்கள் என்பதும் தெரியும், கிளம்பும்போது நானேதான் ஜெப விண்ணப்பம் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். எனக்காக ஜெபிப்பதை அவர்கள் நிறுத்தினால்தான் எனக்கு உதவி கிடைக்கும் என்ற நிலைமை.

ஒன்பதே கால் ஆனது. அந்தப் பெஞ்சிலேயே தலையைக் குனிந்தேன். “ஆண்டவரே, கார்டு வேலை செய்யணும்” என்றுதான் ஆரம்பித்தேன். வாயில் வந்தது வேறு. “அக்காவைச் சிரிப்புப் பொருளாக்கினேன். சிஸ்டரை அழவைத்தேன். அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு மட்டும் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்திடும்.” வெளிநாட்டில், நாலு பேர் பார்க்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

கண்ணைத் துடைத்தபோதுதான் குழுவில் ஒருவரை மட்டும் நான் கூப்பிடவில்லை என்று உறைத்தது. பிலோமினா சிஸ்டர். அவரும் போனை வாளியில் போட்டிருப்பார், வாராவாரம் கண்ணால் பார்க்கிறேனே. கூப்பிட்டு என்ன பயன்? கூப்பிட முகமும் இல்லை. ஆனாலும் விரல் அழுத்திவிட்டது.

மணி அடித்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

“ஜெபத்துல இருக்கோம் பிரதர்” என்றார் கிசுகிசுப்பாக.

“சிஸ்டர், வச்சிடாதீங்க. எஸ்தரைக் கொஞ்சம் வெளிய கூட்டிக்கினு வாங்க. வாளில இருந்து என் போனையும் எடுத்துக்கோங்க.”

“ஜெபம் முடியாம வாளியைத் தொடக்கூடாதுன்னு யாரோ சொன்னாங்களே.”

“நான்தான் சொன்னேன்.”

“ஆண்டவர் பெருசா, போன் பெருசான்னும் கேட்டாங்களே.”

“அந்தக் கேள்விக்கு இப்ப எனக்கே பதில் தெரியல சிஸ்டர். எங்க அக்காவைப் பாக்கணும். பத்து மணிக்கு ரயில்.”

பிறகு வாளி இழுபடும் ஓசை கேட்டது. அந்தப் பிளாஸ்டிக் வாளியின் ஓசை அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

எஸ்தர் வந்தாள். “என்னாங்க, போய்ச் சேந்துட்டீங்களா? உங்களுக்காகத்தான் காலைல இருந்து முட்டி போட்டுக்கினு இருக்கேன்.”

“எழுந்துரும்மா. என் போனை ஆன் பண்ணு. பேங்க் ஆப்பைத் திற.”

“நம்பர் கேக்குதே. என் பொறந்த நாளா?”

“நம்ம பழைய ஸ்கூட்டர் நம்பர்.”

“ஸ்கூட்டரை வித்துப் பத்து வருஷம் ஆவுது. அது ஞாபகம் இருக்குது.”

“வந்து பேசிக்கலாம் எஸ்தர்.”

அவளிடம் கண்ணாடி இல்லை. பிலோமினா சிஸ்டர்தான் ஒவ்வொன்றாக வாசித்து அழுத்தினார். ஸ்கூட்டர் நம்பரை அவர் உரக்கச் சொல்லிச் சொல்லி அழுத்தியதில் ஜெபக்குழு முழுவதற்கும் என் ரகசிய எண் தெரிந்துவிட்டது. வெளிநாட்டுப் பயன்பாடு என்ற இடத்தில் விரலை வைத்துத் தள்ளினார்களாம். “பச்சையாயிடுச்சு பிரதர். ஓடுங்க.”

ஓடினேன். அதே இயந்திரம், அதே கார்டு. இந்த முறை துப்பவில்லை. டிக்கெட் வந்தது. நான் ஏறி உட்கார்ந்ததும் ரயில் கிளம்பியது.

ஒரு மணிக்கு முன்பே ஆஸ்பத்திரியில் இருந்தேன். அக்கா படுக்கையில் சாய்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்த மன்னிப்பில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா மகனிடம் திரும்பினாள். “பாண்டிச்சேரிக்காரன் வந்துட்டான் மிஷேல். நாற்காலி போடு.”

உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆள் வந்து தள்ளிக்கொண்டு போகும்வரை விடவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது தினமும் நடக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டு என்னைத் திட்டுகிறாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

நான் மாறிவிட்டேனா என்று எஸ்தரைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள். ஆனாலும் வங்கிக் கடிதங்களைப் படிக்கிறேன். ரகசிய எண் இப்போது அவள் பிறந்த நாள். ஒருவரை வைத்துச் சிரிப்பதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்க்கிறேன். இதை வாசிக்கிற உங்களில் யாராவது எல்லாக் கதவும் அடைத்துவிட்டது என்று ஏதோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், அங்கேயே கேளுங்கள். உங்கள் கார்டு செல்லாத இடத்திலும் அவர் கை செல்லும். நீங்கள் நோகடித்த ஒருவரைக் கொண்டே அவர் பதில் தரக்கூடும். வெட்கப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊருக்குத் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை, வாசலில் பிலோமினா சிஸ்டரிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு மனம் உருகி, “அன்னைக்கு மட்டும் போனை வாளில போடாதன்னு ஆண்டவர் உங்களுக்கு எப்படி உணர்த்தினாரு சிஸ்டர்?” என்றேன்.

“மூணு வருஷமா நான் வாளில போடறது ரிப்பேரான பழைய போன், பிரதர்.”