எதிர் வீட்டு பிரிண்டர்

எங்கள் அடுக்ககத்தில் முதன்முதலில் கலர் பிரிண்டர் வாங்கியவள் நான். இதை நானாக யாரிடமும் சொல்வதில்லை. மற்றவர்கள் சொன்னால் காது கொடுத்துக் கேட்பேன், அவ்வளவுதான். காட்டுப்பாக்கம் மெயின் ரோட்டில் ஜெராக்ஸ் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் விளக்கு வைக்கிற நேரத்தில், "நாளைக்கு டைனோசர் படம் கொண்டுபோகணும், மிஸ் சொன்னாங்க" என்று பிள்ளை வாயைத் திறந்தால் எந்த அம்மா கடைக்கு ஓடுவாள்? "அக்கா, வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன், ஒரே ஒரு பிரிண்ட்" என்று என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பாள். பேப்பர் வெளியே வரும்வரை நின்றுகொண்டே யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள், யார் வீட்டைக் காலி செய்யப்போகிறார்கள் எல்லாம் சொல்லிவிடுவாள். அசோசியேஷன் செயலாளருக்குத் தெரியாத சேதிகூட எனக்குத் தெரிந்திருக்கும். பிரிண்டர் முன்னால் உட்கார்ந்தாலே எனக்கு ஒரு மிதப்பு. இருக்கட்டுமே, அதில் என்ன தப்பு?

அப்போதுதான் எதிர் வீட்டுக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு இளம் ஜோடி குடிவந்தது. அவனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐ.டி. வேலை. அவளுக்கும் ஐ.டி.தான், வீட்டிலிருந்தே செய்கிறாள். சாமான் இறக்கிய அன்றே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் அந்தப் பிரிண்டரைப் பார்த்துவிட்டேன். என்னுடையதைவிடப் புது மாடல். போனிலிருந்தே பிரிண்ட் கொடுக்கலாமாம். என்னுடையதற்கோ கம்ப்யூட்டரைத் திறந்து, அது விழித்துக்கொள்ளும்வரை காத்துக்கிடக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது.

அவள் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவளோ, "ஏனுங்க்கா, சாப்பிட்டீங்களா?" என்று வாய் நிறையக் கேட்கிறவள். பிரிண்ட் எடுக்க வந்த பிள்ளைகளுக்கெல்லாம் படத்தோடு ஒரு கடலை மிட்டாயும் கொடுத்தாள். நான் இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைக்கும் மிட்டாய் கொடுத்ததில்லை. யாரும் கேட்டதுமில்லை.

கீழ்த்தளத்து அம்மா இந்த ஊர்க்காரர். எங்கள் கட்டடமே அவர்கள் குடும்பத்து நிலத்தில் எழுந்ததுதான். மாடிப்படி ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் எந்த வீட்டுக்குப் போகிறார்கள் என்று கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இன்னா கண்ணு, உன் மிஷினு படுத்துகினு கீதா? பசங்கல்லாம் எதிர் ஊட்டாண்ட நிக்குதுங்க?"

"நல்லாத்தான்மா ஓடுது."

"நல்லா ஓடுனா உன்னாண்ட ஏன் வர மாட்டேன்றாங்க?"

காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

ஊரார் போனால் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொள்ள முடிந்தது. ஆனால் என் மகளும் போக ஆரம்பித்தாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பிரிண்ட் எடுக்கப் போகிறவள் எடுத்ததும் திரும்பி வர வேண்டியதுதானே? வெகுநேரம் கழித்து, சிரித்த முகம் மாறாமல் வருவாள். ஒருநாள் தோசையை வைக்கப்போனபோது, "போதுமுங்" என்றாள். நான் விருதுநகர்ப் பக்கம், இவள் அப்பா தேனி. எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாரும் 'ங்' போட்டுப் பேசியதில்லை. தோசைக் கரண்டியைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெற்றவள் நான் இங்கே இருக்க, ஒருத்தி என் பெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஆயுத பூஜை வந்தது. எதிர் வீட்டுக்காரி தன் பிரிண்டருக்குச் சாமந்திச் சரம் சுற்றி, படம் எடுத்து, அசோசியேஷன் குரூப்பில் போட்டாள். கும்பிடுகளும் இதயங்களுமாகக் குவிந்தன. நானும் வருஷா வருஷம் என் பிரிண்டருக்குப் பொட்டு வைக்கிறவள்தான். படம் எடுத்துப் போடத் தோன்றியதில்லை. அன்று மாலை சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தேன். மூடிமேல் வரிசையாகப் பொட்டு வைத்தும் மனம் ஆறவில்லை. மூடியா உழைக்கிறது? உள்ளே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி மையைத் தெளிப்பது ஹெட் அல்லவா? மூடியைத் திறந்து, ஓரத்தில் ஒதுங்கி நின்ற ஹெட்டின் மேலும் தாராளமாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். எதிர் வீட்டுக்காரிக்கு இது தோன்றியிருக்காது என்று ஒரு திருப்தி.

கொஞ்ச நாளிலேயே மெஜந்தா நிறம் காணாமல் போனது. மகளுக்குத் தமிழ்நாட்டுப் பறவைகள் பற்றி ஒரு புராஜெக்ட். பழவேற்காட்டுப் பூநாரைப் படத்தைக் கொடுத்தேன். இளஞ்சிவப்பாக வர வேண்டிய பறவை மழையில் நனைந்த கோழி மாதிரி வெளிறிப்போய் வந்தது. மகள் பேப்பரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் போனைக் கையில் எடுத்தாள்.

"ஆன்ட்டி வீட்ல எடுத்துக்கறேன்மா."

"வேண்டாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள நம்ம பிரிண்டர்லயே எடுத்துத் தரேன்."

"திங்கக்கிழமை சப்மிட் பண்ணணும்மா."

"தரேன்னு சொல்றேன்ல?"

வீம்புக்குச் சொல்லிவிட்டேன். முதலில் நாசில் செக் எடுத்தேன். நான்கு நிறத்திலும் சின்னச் சின்னக் கோடுகள் படிக்கட்டு போல விழ வேண்டிய தாள் அது. கறுப்பும் நீலமும் மஞ்சளும் முழுசாக இருந்தன. மெஜந்தா இருக்க வேண்டிய இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கீற்றுகள். ஹெட் கிளீனிங் கொடுத்தேன். உள்ளே ஏதோ கர்புர் என்றது. மறுபடி செக் எடுத்தால் கீற்றுகள் இன்னும் குறைந்திருந்தன. கிளீனிங் என்றால் ஹெட்டிலிருக்கிற மையை உறிஞ்சி அடியிலுள்ள பஞ்சில் கொட்டுவது. சும்மா சும்மா கொடுத்தால் மையும் வீண், பஞ்சும் நிரம்பிவிடும். தெரிந்தும் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

"புதுசு வாங்கிடலாமே. எதிர் வீட்ல இருக்கிற மாடல் நல்லா இருக்காம்" என்றார் என் கணவர். அவருக்கு அன்று காபி கிடைக்கவில்லை.

கீழ்த்தளத்து அம்மாவுக்கும் விஷயம் போயிருந்தது. "எவ கண்ணோ பட்டுகீது. மொளகா சுத்திப் போடு கண்ணு" என்றார். எவள் கண் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மிளகாயும் கல்லுப்பும் எடுத்துப் பிரிண்டரைச் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடியே வரவில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டது நிஜம் என்பார்கள். என் சந்தேகம் உறுதியானது.

ஞாயிற்றுக்கிழமை காலைச் சமையலை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்தேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதைக் கிட்டவே காட்டக் கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரை வெதுவெதுப்பாக்கி எடுத்துக்கொண்டேன். பஞ்சு என்றால் நார் ஒட்டும், அதனால் மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணி. வேலையில்லாதபோது ஹெட் தன் மூலையில் பூட்டிக்கொண்டு நிற்கும், கையால் இழுத்தால் வராது. ஒரு பிரிண்ட் கொடுத்து, அது நடுவில் ஓடி வருகிற சமயம் பார்த்து பிளக்கைப் பிடுங்கினேன். இப்போது தள்ளினால் நகர்ந்தது.

அது வழக்கமாக வந்து உட்கார்கிற மூலையில் ஒரு ரப்பர் விளிம்பு இருந்தது. குக்கர் மூடியின் கேஸ்கட் மாதிரிதான் அதுவும். ஹெட்டோடு இறுக்கமாகப் பொருந்தினால்தான் மை காயாது, கிளீனிங்கிலும் உறிஞ்சும். அந்த விளிம்பின் மேல் சந்தனப் பொருக்கு ஒன்று குங்குமத்தோடு அப்பிக்கொண்டிருந்தது. நான் வைத்த பொட்டு! காய்ந்து, ஹெட் ஓடிய ஓட்டத்தில் உதிர்ந்து, சரியாக அங்கே போய் விழுந்திருக்கிறது. அந்த இடுக்கு வழியாகக் காற்று போய் மெஜந்தா காய்ந்திருக்கிறது. நான் விடாமல் கொடுத்த கிளீனிங்கெல்லாம் காற்றைத்தான் உறிஞ்சியிருக்கிறது. எதிர் வீட்டுக்காரியின் கண் ஒன்றும் படவில்லை. அதற்காக அவள் மேலிருந்த கோபம் குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவள் சாமந்தி சுற்றிப் படம் போட்டிருக்காவிட்டால் நான் மூடியைத் திறந்தே இருக்க மாட்டேனே!

பொருக்கை ஊறவைத்து ஒற்றி எடுத்தேன். விளிம்பைச் சுற்றிலும் துடைத்தேன். துணியை நனைத்து மடித்து ஹெட்டின் அடியில் வைத்தேன். மகள் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"நான் பிடிச்சுக்கட்டுமாம்மா?"

"தொடாத! மை ஒட்டிக்கும். போய்ப் படி."

போய்விட்டாள். துணியில் மெஜந்தா கசிந்து பரவியபோது நான் தனியாக வாய்விட்டுச் சிரித்தேன். எல்லாவற்றையும் பழையபடி வைத்து, ஒரே ஒரு கிளீனிங் கொடுத்து, மாலைவரை அதன் பக்கமே போகாமல் இருந்தேன். மாலையில் எடுத்த நாசில் செக்கில் ஒரு கோடுகூட விட்டுப்போகவில்லை. தாளைத் தூக்கிக்கொண்டு மகளைத் தேடினேன். வீட்டில் இல்லை. எங்கே இருப்பாள் என்று கேட்கவா வேண்டும்? எதிர் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன். வாயில் எதையோ மென்றுகொண்டே வந்தாள். வீட்டுக்குக் கூட்டிவந்து, பிரிண்டர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து தாளை நீட்டினேன்.

"பாரு, எல்லா கலரும் வருது. இனிமே நீ அங்க போக வேண்டாம்."

"சூப்பர்மா" என்றாள். பிறகு தாளைப் பார்த்தபடியே, "நான் பிரிண்டுக்காக மட்டும் போகலம்மா" என்றாள்.

"பின்ன எதுக்கு?"

"அங்க நானே எடுப்பேன். பேப்பர் வைக்கிறது, மை ஊத்தறது எல்லாம் நான்தான். நீ தொடவே விட மாட்ட."

"தப்பா எடுத்துட்டா?"

"ஆன்ட்டி சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன்."

எனக்கு வந்தது அழுகையா ஆத்திரமா என்று கேட்டால், இரண்டும்தான். நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"உட்காரு. நீயே எடு."

அவள் நம்பாமல் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். போட்டோ பேப்பரை எடுத்துத் தலைகீழாக வைத்தாள், பளபளப்பு இல்லாத பக்கம் மேலே வரும்படி. பார்த்துக்கொண்டே இருந்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன். பூநாரை ஈஷிக்கொண்டு வந்தது. சட்டென்று திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கத்தான் முயன்றேன். உதடு மட்டும் அகன்றது. அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது போல. பேப்பரைத் திருப்பி வைத்து மறுபடி கொடுத்தாள்.

இந்தமுறை அலகு, கழுத்து, சிறகு என்று மெல்ல மெல்ல, அசல் இளஞ்சிவப்பில் பூநாரை இறங்கி வந்தது. ஓரத்தைப் பிடித்துத் தூக்கி வாயால் ஊதினாள்.

"அம்மா! ஆன்ட்டி வீட்லகூட இவ்ளோ நல்லா வராதும்மா!"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை பாடு. எனக்கு உடம்பே லேசானது போல இருந்தது. அவளை இழுத்து அணைத்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன்.

"ஆன்ட்டிகிட்ட காட்டிட்டு ஓடி வந்துடறேன்" என்று அவள் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. "அடடே, யாருங் கண்ணு எடுத்தது? நீங்களேவா!" என்ற குரல் கேட்டது. அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பது கேட்டது. கதவு மூடிக்கொண்டது. புராஜெக்ட் பைலில் அந்தப் படத்துக்கான பக்கத்தை விரித்து, பசை டப்பாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை அவள் வரவில்லை.