அவசரமில்லாத கட்டி

நான் சாகப்போவதாகப் பொய் சொன்னேன்! என்னைப் பெற்ற ஐயாவிடமே சொன்னேன். இன்றுவரை திருத்தவில்லை. உங்களிடம்தான் முதன்முதலாக வாய் திறக்கிறேன்.

எண்பத்துமூன்றாம் ஆண்டு, மாசி மாதம். நான் மண்கும்பானில் ஆசிரியை. விடாத இருமல். காசநோய் என்று ஆறு மாதம் குளிசை விழுங்கியும், நுரையீரல் படத்தில் தெரிந்த புள்ளிகள் அப்படியே இருந்தன. கொழும்பில் விலாவைத் திறந்து, ஒரு துண்டு வெட்டிச் சோதித்தார்கள்.

"தங்கச்சி, இது காசமில்லை," என்றார் பெரிய டொக்டர். "இரத்தக் குழாயில இருந்து வளருற கட்டி. நானே புத்தகத்திலதான் கண்டனான். மருந்து இல்லை. ஆனா உம்மட கட்டிக்கு அவசரமும் இல்லை. கனகாலம் இருப்பீர். வருசத்துக்கு ஒருக்காப் படம் எடும்."

கனகாலம்! ஆசுபத்திரிப் படிகளில் சிரித்துக்கொண்டே இறங்கினேன்.

வீட்டில் ஐயா, "என்னவாம் பிள்ளை?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் பாயை விரித்து என்னை உட்காரவைத்தார். அந்தப் பதற்றத்தைக் கண்டதும் எனக்குள் ஒரு பேராசை எழுந்தது... நெடுந்தீவில் கத்தோலிக்க மீனவர் ஒருவரை மணந்த என் அக்காவின் பெயரை, ஒன்பது வருடமாக ஐயா எங்கள் வீட்டில் எடுக்கவிடவில்லை.

"கனநாள் இல்லையாம் ஐயா. அக்காவைப் பாக்கவேணும்."

எவ்வளவு எளிதாக வந்தது அந்தச் சொல்! ஐயா சட்டையை மறுபுறமாக மாட்டிக்கொண்டு, குறிகட்டுவான் துறைக்குப் போய் நெடுந்தீவு வள்ளம் ஏறினார்.

மறுநாள் மாலை எல்லோரும் வந்தார்கள். அக்கா, அத்தான்... ஐயாவின் தோளில், அவர் அதுவரை கண்டிராத பேத்தி! அவர்கள் எங்களோடு தங்கிய அந்த ஒரு மாதத்தை எப்படிச் சொல்வேன்? அக்காவும் நானும் ஒரே பாயில் படுத்து, வயிறு நோகச் சிரித்தோம். சாட்டிக் கடலில் ஐயா பேத்தியோடு முழங்காலளவு நீரில் கூத்தாடினார். சாகப்போகிறவளுக்கு இத்தனை பசியா என்று யாரும் கேட்கவில்லை.

வருடம் திரும்பியது. புதிய படத்தில் புள்ளி ஒன்றும் வளரவில்லை. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நான் மாதாவுக்கு நேர்ந்தனான். நீ தப்பினால் சாகுமட்டும் மீன் வாயில வைக்கமாட்டன் எண்டு. கண்டியே, மாதா கைவிடேல்லை!"

மீன் இல்லாமல் ஒரு பிடி சோறு இறங்காதவள் என் அக்கா!

அன்றே சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? சொல்லியிருக்கலாம். ஐயாவின் முகத்தைப் பார்த்தேன், சொல்லவில்லை. அடுத்த வருடமும் சொல்லவில்லை. ஐயா போன பின்பாவது...? அவளும் என்னை விட்டுப் போய்விடுவாளோ என்ற பயம். அன்பு என்று அதற்குப் பெயர் வைக்க எனக்கு என்ன யோக்கியதை!

ஆறாவது படமும் மாறவில்லை. சென்ற கிழமை அக்கா வந்து, பாட்டுப் பாடியபடியே குசினியில் எனக்காக விளைமீன் குழம்பு வைத்தாள். அகப்பையால் ஒரு சொட்டு என் உள்ளங்கையில் விட்டாள்.

"உப்புக் காணுமோ, இன்னும் போடவேணுமோ எண்டு பார். எனக்குத் தெரியாதெல்லே."

நக்கிப் பார்த்தேன்.

"காணும் அக்கா," என்றேன்.