எங்கள் கரைப் பலகைகள்

எங்கள் லயத்துக்குப் பாலம் கட்டிய வருஷத்தில் பலகை திருடியது என் அம்மாதான். பக்கத்து வீட்டுக் காம்பராவில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை வாங்கினால் மறுநாள் இரண்டு கொத்தாகத் திருப்பிக் கொடுக்கிற மனுஷி அவள். அப்படிப்பட்டவள் பட்டப்படிப்புப் பிள்ளைகள் வியர்வை சிந்தி முடுக்கிய பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? நானே கண்ணால் பார்த்த பிறகும் இரண்டு நாள் நம்பவில்லை.

கடுகண்ணாவைக்குக் கீழே ஓயா என்கிற சிற்றாறு ஓடுகிறது. ஓயாவுக்கு இந்தப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம், நாங்கள் இருந்த லயம் என்கிற வரிசை வீடுகள். அந்தப் பக்கம் சிங்களக் கிராமம், கடை, பள்ளிக்கூடம், பஸ் போகிற ரோடு. வசதியெல்லாம் அந்தப் பக்கம். அட்டைக்கடி மட்டும் இந்தப் பக்கம். நடுவில் ஒரு கித்துள் மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். அதற்கு ஏதண்ட என்று சிங்களத்தில் பெயர். நாங்களும் அப்படியே சொல்வோம். மழை பிடித்தால் ஏதண்ட தண்ணீருக்குள் போய்விடும். சுற்றிப் போக ஒரு மலைப் பாதை இருந்தது. அடைமழைக்கு அதுவும் மண்சரிந்து மூடிக்கொள்ளும்.

அப்படித்தான் முந்தின வருஷம் மார்கழியில் அக்காவின் ஓ.எல். பொதுப் பரீட்சையில் கணக்குத் தாள் போயிற்று. அவள் வெள்ளைச் சட்டை போட்டு, பேனாவைக் கையில் பிடித்தபடி கரையில் நின்றே பரீட்சை நேரத்தைக் கழித்தாள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார், நிறையப் பேசமாட்டார். இன்னொரு தடவை எழுதட்டும், அதுவும் சரிவராவிட்டால் கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்க ஆள் கேட்கிறார்கள், அனுப்பிவிடலாம் என்று மட்டும் சொன்னார். அன்று அக்கா அழவில்லை, சாப்பிடவும் இல்லை. அவள் பங்கு ரொட்டியையும் நானே தின்றேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. கொழும்புக்குப் போகக் கொடுத்து வைத்தவள் என்று அவள் மேல் பொறாமைகூடப் பட்டேன்.

அடுத்த வருஷம்தான் பேராதனைப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் லொறியில் வந்து இறங்கினார்கள். சனி, ஞாயிறுகளில் வந்து சிரமதானமாக ஒரு தொங்கு பாலம் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். கம்பி வடம், இரும்புக் குழாய், பலகை எல்லாம் அவர்களே கொண்டுவந்தார்கள். நாங்கள் கொடுத்தது சோறும் சாயத் தண்ணியும் இடைவிடாத ஆலோசனையும்தான். ஆலோசனையில் பெரும்பகுதியை என் மாமா கொடுத்தார்.

மாமா அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். தோட்டத்தில் அவருக்குத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற வேலை. ஆனால் பேச்சைக் கேட்டால் மகாவலிக்கு அணை போட்டவரே அவர்தான் என்று தோன்றும். "இப்புடி இழுங்க தம்பி, நான் சொல்றேன்ல!" என்று கரையில் நின்று கத்துவார். ஒரு நாளும் வடத்தில் கை வைத்ததில்லை.

மாணவர்களுக்குத் தலைவராக இருந்தவர் ஒரு சிங்களப் பையன். ஒல்லியான உடம்பு, மூக்கில் கண்ணாடி. எல்லோரும் ஐயா என்கிற அர்த்தத்தில் அவரை "மாத்தயா, மாத்தயா" என்று கூப்பிட, அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "மாத்தயா வேணாம் அக்கா. மல்லி சொல்லுங்க." மல்லி என்றால் தம்பி. அம்மா அன்றிலிருந்து மல்லி என்றாள். நான் மரியாதை குறையக்கூடாதென்று மல்லி அண்ணன் என்றேன். அளவெடுத்துப் படம் வரைகிறவர் யாழ்ப்பாணத்துப் பையன். ஆமாம் என்பதற்கு எப்போதும் "ஓம்" என்பார்; மாமா அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் எங்களிடமெல்லாம் ஓம் போட்டுக்கொண்டு திரிந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு யாழ்ப்பாணத்து அண்ணன் எங்கள் காம்பரா வாசலில் உட்கார்ந்து அக்காவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். பாலம் பரீட்சைக்கு முன் முடிய வேண்டும் என்பதில் அக்காவைவிட அவருக்குத்தான் அவசரம்.

வடம் ஏறியது. பலகை பதிக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. ஞாயிறு மாலை முடுக்கிவிட்டுப் போன பலகைகளில் எங்கள் கரைப் பக்கத்துப் பலகைகள் மட்டும் அடுத்த சனிக்கிழமை இல்லை. சரி, யாரோ விறகுக்கு எடுத்துவிட்டார்கள் என்று வேறு பதித்தார்கள். அதுவும் போயிற்று. மல்லி அண்ணனின் முகம் வாடிப்போனது. எங்கள் ஆட்களுக்கு மானமே போனது போல் இருந்தது.

"எந்தப் பயன்னு பாக்குறேன், கைய முறிக்கல, என் பேர மாத்துறேன்!" என்று மாமா ஒரு கவ்வாத்துக் கத்தியோடு காவலுக்குப் போனார். விடிந்ததும் வெளிறிப்போய்த் திரும்பி வந்தார். என்ன கண்டீர்கள் என்று லயமே கேட்டது. அவர் அம்மாவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "முனி" என்றார். ஆற்றங்கரை முனியாண்டி, தன்னைக் கேட்காமல் பாலம் போட்டதில் கோபம் கொண்டு பலகைகளைத் தூக்கிக்கொண்டு போனாராம். மல்லி அண்ணன் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அடுத்த முறை வரும்போது தேங்காயும் வெற்றிலையும் ஒரு போத்தல் பாலும் கொண்டுவந்து, முனியின் கல்லுக்கு முன்னால் பால் பொங்கவைத்து, நல்ல நேரம் பார்த்து மறுபடி பலகை பதித்தார். முனி அந்தப் பலகைகளையும் எடுத்துக்கொண்டார்.

முனி அவற்றை எங்கே வைத்திருந்தார் என்பதைக் கண்டுபிடித்தது நான். அடுப்புக்கு மேலே விறகு காயப்போடுகிற பரணில், ஈர விறகுக்குப் பின்னால். ஒளித்து வைத்திருந்த வெல்லத்தைத் தேடி ஏறியவளுக்குப் பலகை அகப்பட்டது. அம்மாவைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் அடுத்த சனிக்கிழமை மழைக்கு ஒதுங்கி யாழ்ப்பாணத்து அண்ணன் எங்கள் அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே புகை எங்கே போகிறது என்று அண்ணாந்து பார்த்தார். பரணில் ஒரு பலகையின் முனை தெரிந்தது, அவ்வளவுதான். பலகைகளில் சிவப்பு மையால் இலக்கம் எழுதியவரே அவர்தானே! அம்மா அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள். 

அவர் குனிந்து இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு மெதுவாக, "அக்கா, விறகு காணாதோ?" என்று கேட்டார்.

"வெறகுக்கு இல்ல தம்பி."

அம்மா தரையில் உட்கார்ந்தாள். "இவ பொறக்கல. மூத்தவ இடுப்புல இருந்தா. ஆடி மாசம், கலவரம். அக்கரையில லொறியில வந்து எறங்குனாங்க. அந்தக் கிராமத்து ஆளுங்க இல்ல. யாரு எவருன்னே தெரியல. கையில பந்தம். நம்ம தமிழ் மொதலாளி கடையக் கொளுத்துனாங்க. கொளுத்திட்டு ஆத்தங்கரைக்கு வந்து நின்னு எங்கள பாத்தாங்க தம்பி. நாங்களும் இங்கேருந்து பாத்தோம். வெள்ளம் வந்து ஏதண்ட தண்ணிக்குள்ள கெடந்துச்சு. வர முடியல, போயிட்டாங்க. அன்னைக்கு இந்த ஆறுதான் எங்கள காப்பாத்துச்சு. இப்ப நீங்க அது மேலயே ரோடு போட்டுத் தர்றீங்க."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"வேணாம்னு சொல்ல வாய் வரல. புள்ள பரீட்சைக்குப் போவணும்ல? ஆனா பொழுது சாஞ்சா எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது."

"ஓமக்கா. எனக்கு விளங்குது. எங்கட வீடும் எரிஞ்சதுதான்." என்றார் அவர். அம்மாவைப் பொலிஸ் பிடிக்காது என்று தெரிந்ததும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. மற்றப் பேச்செல்லாம் பெரியவர்கள் பேச்சு.

மறுநாள் அவர் பாலத்தின் படத்தையே மாற்றினார். எங்கள் கரையை ஒட்டிய பலகைகளுக்கு நட்டும் போல்ட்டும் வேண்டாம், கொளுக்கி போடலாம் என்றார். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். "இஞ்ச பாருங்கோ அக்கா. இந்தக் கரையில நிண்டால் ஒராள் தனியக் கழட்டலாம். அந்தக் கரையில நிண்டு ஏலாது." மல்லி அண்ணன் சிங்களத்தில் ஏதோ கேட்டார். வெள்ளம் பெருகினால் பலகை அடித்துக்கொண்டு போகாமல் கழற்றி வைக்கத்தான் என்று இவர் பதில் சொன்னார். மல்லி அண்ணன் எங்கள் லயத்தைப் பார்த்தார், அக்கரையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார். "ஹொந்தாய், நல்லது" என்று சொல்லிவிட்டு, கொளுக்கி வாங்கிவர பிலிமத்தலாவைக்குத் தானே புறப்பட்டுப் போனார்.

பாலம் முடிந்தது. அன்றிலிருந்து கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது போல அம்மா பொழுது சாயப் பலகைகளைத் தூக்குவாள், விடியப் போடுவாள். முனியின் கோபம் தணிந்துவிட்டதாக மாமா அறிவித்தார்.

மார்கழியும் வந்தது, மழையும் வந்தது. கணக்குப் பரீட்சையன்று ஓயா கரை புரண்டு ஓடியது. அக்கா அதற்கு மேலாக, பாவாடை நனையாமல் நடந்து போனாள். பலகையை மாட்டிவிட்டு நின்ற அம்மா அவளைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

மத்தியானம் தாண்டி ரேடியோவில் செய்தி வந்தது. கொழும்பில் குண்டு வெடித்திருந்தது. பஸ் ஓடவில்லை. ரோட்டில் ஆட்கள் கூடுகிறார்களாம் என்று யாரோ சொன்னார்கள். லயத்தில் அடுப்புகள் அணைந்தன. பெண்கள் துணிமூட்டை கட்டினார்கள். பொழுது சாயும் நேரம் ஆண்கள் பாலத்தடிக்கு வந்துவிட்டார்கள்.

"பலகையத் தூக்குங்க!"

அம்மா போய் அந்தப் பலகைகள் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். "எம்புள்ள அந்தப் பக்கம் இருக்கா. தூக்குறதுன்னா என்னையும் சேத்துத் தூக்குங்க."

"ஒம் புள்ளைக்காக எல்லாரும் சாகறதா?" என்று ஒருவர் கத்தினார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அப்பா அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றார். மாமா, என்றைக்கும் வாய் மூடாத மாமா, அம்மாவின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பல் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது.

அப்போது அக்கரையில் வெளிச்சம் தெரிந்தது. ஒன்றில்லை, ஒரு கூட்டம். தென்னோலைப் பந்தங்கள் மரங்களுக்கிடையே இறங்கி வந்தன. யாரோ ஒரு பெண் "ஐயோ, அதே மாதிரி!" என்று வாயில் அடித்துக்கொண்டாள். ஆண்கள் கொளுக்கியில் கை வைத்தார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை. கம்பியைப் பிடித்திருந்த அவள் கையைப் பிரிக்க ஒருவராலும் முடியவில்லை.

பந்தங்கள் கரையோடு நின்றுவிட்டன. ஒரே ஒரு டோர்ச் வெளிச்சம் மட்டும் பாலத்தில் ஏறியது. ஏறியதும் அது வழியைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. திரும்பி, அதைப் பிடித்திருந்தவரின் முகத்திலேயே அடித்தது. கண்ணாடி பளபளக்க மல்லி அண்ணன்!

"நான் அக்கா! மல்லி! பாருங்க, பயம் இல்ல, தங்கச்சி இருக்கு!"

வெளிச்சம் அவருக்குப் பின்னால் ஒரு கணம் போனது, அக்காவின் முகம். மறுபடி அவருடைய முகம். பாலம் ஆடியது, கீழே வெள்ளம் இரைந்தது. அவர் கால் வழுக்கி முழங்கால் பலகையில் மோதியது. அப்போதும் டோர்ச்சைக் கீழே திருப்பாமல், தன் முகத்துக்கே பிடித்துக்கொண்டு, தட்டுத்தடுமாறி, பாலம் முழுவதும் அப்படியே வந்தார்.

அம்மா அக்காவைக் கட்டிக்கொண்டாள். போன உயிர் எங்கள் எல்லோருக்கும் திரும்பி வந்தது. கொளுக்கியில் கை வைத்தவர்கள் அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார்கள். செய்தி கேட்டதும் மல்லி அண்ணன் பேராதனையிலிருந்து நடந்தே பரீட்சை மண்டபத்துக்குப் போய் அக்காவைக் கூட்டி வந்திருந்தார். ரோட்டில் துணைக்கு வந்தவர்கள் அக்கரைக் கிராமத்து ஆட்கள். அவர் எங்கள் கரையில் இறங்கும்வரை பந்தத்தைத் தூக்கிப் பிடித்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். யாழ்ப்பாணத்து அண்ணன் விடுதி அறையில் பத்திரமாக இருப்பதாக மல்லி அண்ணன் சொன்னார். வெளியே தலைகாட்ட வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டுத்தான் வந்தாராம்.

"கணக்கு லேசா இருந்துச்சும்மா" என்றாள் அக்கா. அவள் சொன்னது உண்மைதான். கொழும்புப் பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவில்லை.

அன்று எங்கள் காம்பராவில் திருவிழா மாதிரி கூட்டம். மாமாவின் வாய் திறந்துகொண்டது. முதல் பந்தத்தைக் கண்டதுமே ஆள் இன்னாரென்று தனக்குத் தெரிந்துவிட்டதாக அளந்துகொண்டிருந்தார். அம்மா மல்லி அண்ணனுக்குச் சோறு போட்டுவிட்டு, அவருடைய முழங்காலுக்கு மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டாள். எனக்கோ பாலத்தடியிலிருந்தே அடக்கி வைத்திருந்த சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இவ்வளவு பெரிய பாலம் கட்டத் தெரிஞ்ச அண்ணனுக்கு டோர்ச் அடிக்கத் தெரியலையே அம்மா! காலடியப் பாத்து அடிக்காம மூஞ்சியில அடிச்சுக்கிட்டே வர்றாரு. அதான் விழுந்துட்டாரு!"

ஒருவரும் சிரிக்கவில்லை. மல்லி அண்ணன் மட்டும் லேசாகப் புன்னகைத்துத் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவின் கண்ணீர் அவர் முழங்காலில் பூசிய மஞ்சள் மேல் சொட்டியது. இவ்வளவு நல்ல பகிடியைச் சொல்லியும் இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று எனக்கு ஒரே கோபமாக வந்தது.