காலி வளைக்குள் துணி விட்டவள்

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது என்னோடு வேலை பார்த்த ஜெயக்கொடியின் கணவர் போனில் கூப்பிட்டார். "காலையில போயிட்டாம்மா" என்றார். சிறுநீரகம் பழுதாகி ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருந்த உடம்பு. எனக்கு அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது. அவள் வீட்டுக்குப் போக ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

நம் பூச்சி ஆய்வுப் பிரிவில் இருந்து, மாறுதலாகியும் ஓய்வு பெற்றும் போன உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பிளேக் வராமல் காவல் காக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். செய்வது என்னவோ, காட்டெலியின் மேலும் அதன் வளைக்குள்ளும் பிளேக்கைப் பரப்பும் தெள்ளுப்பூச்சி கூடுகிறதா குறைகிறதா என்று மாதாமாதம் பார்ப்பது. நானும் ஜெயக்கொடியும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தோம். சோழபுரத்தில் அவள் பிடித்த எலியைச் சீப்பால் வாரித் தெள்ளு எடுப்பதைப் பார்த்த ஒரு பெண், "எலிக்குப் பேன் பாக்கவா சர்க்கார் சம்பளம் குடுக்கு?" என்று கேட்டாள். "ஆமா மதினி, பொறவு சடையும் பின்னி விடணும்" என்றாள் ஜெயக்கொடி, தலையைத் தூக்காமலே.

சேத்தூரில் ஒரு விவசாயி மருந்து வைத்து வரப்பு எலிகளையெல்லாம் கொன்றிருந்தார். "எலியே இல்ல, இனி எதுக்கு வாரிய?" என்றார். அவள் கம்பி நுனியில் வெள்ளைத் துணியைக் கட்டிக் காலி வளைக்குள் விட்டு இழுத்தாள். பசித்த தெள்ளு துணி முழுக்க ஒட்டிக்கொண்டு வந்தது. "சோறு போட்டவன் செத்துப்போனான். இப்ப இது ஒங்க காலத்தான் தேடுது, அண்ணாச்சி." நாங்கள் வளைகளில் மருந்துப் பொடி தூவி முடிக்கும்வரை அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ரோட்டிலேயே நின்றார்.

பிறகு நீங்கள் ஒவ்வொருவராகப் போனீர்கள். உங்கள் இடத்துக்கு யாரும் வரவில்லை. அவளும் படுத்த பின் நான் ஒருத்திதான். மழைக்குப் பிறகுதான் தெள்ளு பெருகும், அப்போது பார்த்துத்தான் என் முழங்காலும் மடங்க மாட்டேன் என்னும். வளை வளையாகத் தனியே குத்தவைத்து உட்கார எனக்கு அலுத்துப்போய்விட்டது.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, "மழை பெஞ்சுச்சே, சேத்தூர் வளைய பாத்தியாட்டி?" என்றாள்.

"என்னால ஏலலட்டி. ஆபீஸ்ல 'தெள்ளு இல்லை'ன்னு போட்டு அனுப்பச் சொல்லுதாவ."

"ஏலாட்டி போகாத. ஆனா இல்லன்னு எழுதிராத. பாக்கலன்னு எழுது. இல்லன்னு எழுதிட்டா அம்புட்டுப் பேரும் அத நம்பிப் படுத்திருவாவ."

அவளை எரித்த மறுநாள் மாத அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இல்லை என்று போட்டால் யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான். "பார்க்கவில்லை" என்று எழுதினேன். அறிக்கை காரணம் கேட்டுத் திரும்பி வந்தது.

அதன் கீழே எழுதினேன்: ஆள் இல்லை.