தங்கபுஷ்பம் செய்த நலங்கு சோப்பு

தங்கபுஷ்பம் என்கிற பேரை நான் முதலில் கேட்டது என் கல்யாணப் பந்தியில். “தங்கபுஷ்பத்துக்கு யாரும் அப்பளம் வைக்கல” என்று யாரோ சத்தம் போட்டார்கள். பார்த்தால் ஐந்து வயசுப் பிள்ளை, இலை முன்னால் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தது. என் மாமியாரின் தங்கை மகள், எனக்கு நாத்தனார் முறை.

வளர்ந்து கல்யாணமாகி, புருஷன் விட்டுப் போன பிறகு அவள் மேற்கு மாம்பலத்தில் அண்ணன் வெள்ளைத்துரை வீட்டுக்கு வந்தாள். அவனுக்குத் தி. நகரில் பாத்திரக்கடை. இருபது வருஷம் அந்த வீட்டில் சமைத்தாள், துவைத்தாள். வீட்டு விஷயம் எதையும் அவளிடம் யாரும் கேட்டதில்லை. அண்ணன் பெண்டாட்டி ஸ்வர்ணலதா கெட்டவள் இல்லை. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கொரோனா அடங்கின சமயம், அண்ணன் மகள் சிந்து போனில் வீடியோ காட்டிச் சொல்லிக்கொடுக்க, இவள் சோப்பு செய்யக் கற்றுக்கொண்டாள். அக்கம்பக்கத்து ஃப்ளாட்காரர்கள் கேட்டு வாங்கினார்கள். சிந்துவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது ஸ்வர்ணலதாவே சொன்னாள்: “நலங்குக்கு சோப்பு உங்க பொறுப்பு.” அந்த வீட்டில் முதல்முதலாக அவளுக்கென்று கிடைத்த பொறுப்பு. என்னிடம் அதை நாலு தடவை சொல்லிவிட்டாள்.

தராசில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. காஸ்டிக் சோடாவை டம்ளரால் அளந்து போட்டாள். சோப்பு வெள்ளை பூத்து உதிர்ந்தது. புதிதாகச் செய்தால் ஒரு மாசம் காய வேண்டும், நலங்குக்கோ ஒரு வாரம்தான் இருந்தது. உதிர்ந்ததைத் துருவி, தண்ணீர் தெளித்து, கொதிக்கும் நீருக்குள் பாத்திரத்தை வைத்து உருக்கினாள். கூழானதும் பூலாங்கிழங்கும் கஸ்தூரி மஞ்சளும் போட்டுக் கிளறினாள். அது சிவந்துகொண்டே போனது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“என்ன மதினி, இப்படிச் செவக்கு?” என்று என்னைக் கேட்டாள்.

“மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா ஆரத்தி செவக்கலையாட்டி? நல்ல சகுனம். அப்படியே ஊத்து” என்றேன் நான்.

சுண்ணாம்பின் காரம்தான் ஆரத்தியைச் சிவக்க வைக்கிறது, இந்தச் சோப்பிலும் காரம் மிஞ்சி நிற்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. எப்போதும் செய்த சோப்பை நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பாள், சுரீர் என்றால் ஒதுக்கிவிடுவாள். அச்சிலிருந்து எடுத்த அன்று வெள்ளிக்கிழமை. விரதத்தில் வாயில் எதுவும் படக்கூடாது என்று பார்க்காமலே விட்டாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு நலங்கு. நலங்கு மாவை ஊற விடுவது மாதிரியே சோப்பு நுரையையும் முகத்தில் ஊற விட்டார்கள்.

“அத்தை, எரியுது.”

“கஸ்தூரி மஞ்சள் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோ” என்றாள் இவள்.

“மாப்ள நெனப்புல எரியுதாக்கும்” என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தோம். சிந்துவும் சிரித்தாள்.

சாயங்காலம் தோல் உரிந்தது. அடையாறில் தோல் டாக்டர் சோப்பை வாங்கிப் பார்த்து, “தோல் வெந்து போயிருக்கு. இதையா பொண்ணு மூஞ்சில போட்டீங்க?” என்றார். மாப்பிள்ளை பாலகணேஷின் அம்மா வந்தாள். வாசலில் நின்றே பார்த்துவிட்டு, “ஆறட்டும், பெறவு பேசுவோம்” என்றாள். பிறகு அவர்கள் பேசவே இல்லை. நாலு மாசத்தில் அவனுக்கு வேறு இடத்தில் முடிந்தது.

வெள்ளைத்துரை சத்தம் போடவில்லை. “ஒன்னப் பாத்தாலே சிந்து ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிடுதா. நீ வேற எங்கயாவது இரு தங்கம்” என்றான். அவள் என்னைப் பார்த்தாள். சகுனம் என்று சொன்னது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளும் சொல்லவில்லை.

சிந்து இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள், கல்யாணப் பேச்சு வேண்டாம் என்கிறாள். தங்கபுஷ்பம் சைதாப்பேட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் நாலு பேரோடு ஓர் அறையில் இருக்கிறாள். கிண்டியில் ஒரு சட்டைக் கம்பெனியில் பிசிறு நூல் வெட்டுகிறாள்.